ஷ்ரூட் என்று சொன்னவள்

நீதிமன்றத்தில் மொழிபெயர்க்க வருகிறவளுக்குச் சொந்த வாய் கிடையாது. சாட்சி "நான்" என்றால் அவளும் "நான்" என்பாள். சாட்சி திட்டினால் அவளும் திட்ட வேண்டும். அழுதால் மட்டும் அழக் கூடாது. தன் சார்பில் ஏதாவது சொல்லியே தீர வேண்டுமென்றால், "மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறார்" என்று, யாரோ அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிப் பேசுவதுபோலப் பேச வேண்டும். பல வருஷமாகச் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று நின்று இவளுக்கு அது பழகிப்போயிருந்தது. வீட்டில்கூடச் சில நாள், "மொழிபெயர்ப்பாளருக்குத் தலை வலிக்குது, டீ போட யாராவது இருக்காங்களா?" என்பாள். கணவர் பேருந்து ஓட்டுகிறவர். "டிரைவருக்கு இடுப்பு வலிக்குது" என்று பதில் வரும்.

அந்த வாரம் அவளுக்கு வந்த வழக்கு ஒரு சலவை நிலையத்தைப் பற்றியது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்த கடை. நஷ்டம் என்று அண்ணன் பாதியில் தன் பங்கைத் தம்பியிடமே விட்டுவிட்டு வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டார். தம்பிக்கு நுரையீரலில் நோய் வந்து படுத்ததும் கடையைக் கையில் எடுத்தவள் அவர் மனைவி. ஓட்டல் துணி, மருத்துவமனைத் துணி என்று பிடித்து, நொண்டிக்கொண்டிருந்த கடையை ஓட வைத்தாள். தம்பி இறப்பதற்கு முன் கடையை அவள் பெயருக்கே எழுதி வைத்தார். இப்போது அண்ணன் வழக்குப் போட்டிருந்தார். படுக்கையில் நினைவு தப்பித் தப்பிக் கிடந்தவனை மயக்கி எழுதி வாங்கிவிட்டாள் என்பது அவர் கட்சி.

விசாரணை முழுக்க இங்கிலீஷில். அந்த விதவைக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. அதனால் முதல் நாள் காலையில் மொழிபெயர்ப்பாளர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நடப்பதையெல்லாம் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணனின் வழக்கறிஞர் எழுந்தார். இஸ்திரி போட்ட குரல். எங்கேயும் ஒரு மடிப்புக் கலையாது. தன் கட்சிக்காரர் எப்பேர்ப்பட்டவர் என்று விரிவாகச் சொன்னார். உழைப்பாளி, பாசமுள்ள அண்ணன், ஒரு 'ஷ்ரூட்' பிசினஸ்மேன்.

"சாமர்த்தியமான வியாபாரி" என்று காதோரம் சொன்னாள் மொழிபெயர்ப்பாளர்.

"ஆமாமா. தலையில துண்டு போட்டுக்கிட்டு ஓடின சாமர்த்தியம்" என்று முணுமுணுத்தாள் விதவை. சாட்சிக் கூண்டில் சொன்ன வார்த்தை இல்லை என்பதால் அதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கொஞ்சம் வருத்தம்தான்.

மதியத்துக்கு மேல் அண்ணன் தரப்பு சாட்சியாக வந்தவர், அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்த சகோதரி. விதவைக்கு நாத்தனார். கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டிலேயே இருப்பவர். தம்பி நோயில் கிடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவரும் இவர்தான். தன் வீட்டில் தன் சோற்றைச் சாப்பிடுகிறவள் வேறு எப்படிப் பேசுவாள் என்ற தைரியத்தில் அண்ணன் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

நாத்தனார் மடியில் கைப்பையை வைத்து அதன் வாரை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தார். மொழிபெயர்ப்பாளர் இப்போது அவர் பக்கத்துக்கு மாறி நின்றாள். பெயர், வயது, உறவு எல்லாம் ஒழுங்காக வந்தது. பிறகு வழக்கறிஞர் கேட்டார்.

"உங்கள் தம்பி மனைவி எப்படிப்பட்டவர் என்று இந்த மன்றத்துக்குச் சொல்ல முடியுமா?"

நாத்தனார் எதிரே உட்கார்ந்திருந்த விதவையை ஒரு தடவை பார்த்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுப்பும் இல்லை.

"அவளா? அவ பெரிய சாமர்த்தியக்காரியாச்சே. அவகிட்ட யாரு ஜெயிக்கிறது?"

ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான் மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைக்கும். அதற்குள் மனசில் வார்த்தைகள் வரிசையில் வந்து நின்றன. கிளெவர்? அது பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது, பற்றாது. ஸ்மார்ட்? சட்டை நன்றாக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். கன்னிங்? அதில் நரி வாடை அடிக்கும். சாமர்த்தியக்காரி என்று பெருமையாகவும் சொல்லலாம், உதட்டைச் சுழித்துக்கொண்டும் சொல்லலாம். நாத்தனார் பெருமையும் காட்டாமல், உதட்டையும் சுழிக்காமல், சொல்லை வெறுமனே மேசை மேல் வைத்துவிட்டிருந்தார். இங்கிலீஷில் அப்படி இரண்டு பக்கமும் சாயக்கூடிய ஒரே வார்த்தைதான் அவளுக்குத் தோன்றியது.

"ஷ்ரூட்" என்றாள். "அவர் மிகவும் ஷ்ரூட். அவரை யார் வெல்வது?"

வழக்கறிஞரின் முகம் மலர்ந்தது. உடனே நீதிபதி பக்கம் திரும்பினார்.

"ஷ்ரூட். அதாவது தந்திரக்காரி. கன்னிங். சாட்சி அதைத்தான் சொன்னார். என் வீட்டிலும் இந்த மொழி புழங்கியதுண்டு, எனக்கும் தெரியும். கன்னிங் என்றே பதிவாக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

நீதிபதிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமல் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"மொழிபெயர்ப்பாளர் தான் சொன்ன சொல்லிலேயே நிற்கிறார்."

"இரண்டும் ஒன்றுதானே?" என்றார் வழக்கறிஞர்.

"ஒன்று என்றால் மாற்றச் சொல்லிக் கேட்க மாட்டீர்களே."

சொன்ன பிறகுதான், அடுத்த வீட்டுக்காரியை விட்டுவிட்டுத் தானே பேசிவிட்டது அவளுக்கு உறைத்தது. நீதிபதி ஒரு தும்மல் போட்டார். இந்த வார்த்தைப் பிரச்சினையை நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார்.

நடைபாதையில் தண்ணீர் மெஷின் பக்கத்தில் வழக்கறிஞர் நின்றிருந்தார். இப்போது தமிழில் பேசினார். தமிழிலும் மடிப்புக் கலையவில்லை.

"ஒரு நிமிஷம்மா."

"வழக்கைப் பத்தி என்கிட்ட பேசக் கூடாது சார்."

"வழக்கு இல்ல, மொழி. எனக்கும் உங்களுக்கும் பொதுவான விஷயம். அந்தம்மா குத்தலாத்தான் சொன்னாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாது. அவங்க குரல்ல குத்தல் இல்ல."

"சரி, இல்லைன்னே வைங்க. ஒரே ஒரு வார்த்தை. நாளைக்குக் காலையில 'யோசிச்சுப் பார்த்தேன், கன்னிங்தான் சரி'ன்னு சொல்லிடுங்க. தப்பைத் திருத்திக்கிட்டா பெருந்தன்மைதானே. எங்க ஆபீஸ்ல மொழிபெயர்ப்பு வேலை கொட்டிக் கிடக்கு. நல்ல ஆள் கிடைக்கிறதில்ல."

"நல்ல ஆள் வேணும்னா சொன்னதைச் சொல்ற ஆளைத் தேடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

பேருந்தில் வரும்போது கோபம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அவள் முன்பு இதே நீதிமன்றத்தில் கோப்புகளை அடுக்கும் வேலையில் இருந்தவள். தேர்வு எழுதி மொழிபெயர்ப்பாளர் ஆனபோது அவளோடு தேர்வானவர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி எல்லோரும் "மனுஷன் முன்னுக்கு வந்துட்டார்" என்றார்கள். இவளைப் பற்றி, "காரியக்காரிப்பா, எப்படியோ சாதிச்சுக்கிட்டா" என்றார்கள். அந்த 'எப்படியோ'வில் என்னென்னவெல்லாம் இருந்தது என்று இவளுக்குத் தெரியும். படித்தேன் என்பதுதான் அதில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைப் பெயர் ஊர் இல்லாமல் ஒரு வார்த்தைப் பிரச்சினையாக மட்டும் சொன்னாள். கல்லூரியில் படிக்கும் மகள் உடனே போனில் தேட ஆரம்பித்தாள்.

"அம்மா! ஷ்ரூட் எதிலேர்ந்து வந்துச்சு தெரியுமா? ஷ்ரூ. மூஞ்சூறு!"

"என்னது?"

"மூஞ்சூறும்மா, நீள மூக்கு. அது கடிச்சா விஷம்னு அந்தக் காலத்துல நம்பினாங்களாம். அப்புறம் வாய் ஓயாத பொம்பளைக்கும் ஷ்ரூன்னே பேர் வெச்சுட்டாங்க. ஷ்ரூட்னா முதல்ல கெட்ட ஆளு, பொல்லாத ஆளுன்னுதான் அர்த்தம். அப்புறம் தந்திரசாலி. ரொம்ப நாள் கழிச்சுதான் நல்லது கெட்டது பார்த்து நடக்கிற புத்திசாலின்னு ஆகியிருக்கு."

"வாய் ஓயாத பொம்பளை" என்று கணவர் இழுத்தார். "நம்ம வீட்டுக்கு ஏத்த வார்த்தையாத்தான் இருக்கு."

அவள் கையிலிருந்த துண்டு அவர் முகத்தில் போய் விழுந்தது. அவர் அதை எடுத்து மடித்துக்கொண்டே கேட்டார். "ஏன், அவர் கேட்ட வார்த்தையையே சொல்லிட்டா என்ன ஆகும்?"

"ஒரு பொம்பளை கையில இருக்கிறது போயிடும்."

"நீ சொன்ன வார்த்தையைச் சொன்னா நிக்குமா?"

"அதுவும் தெரியாது."

"அப்ப எதுக்கு இவ்வளவு மல்லுக்கட்டு?"

"அவங்க சொன்னது அதுதாங்க. அதுக்குத்தான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரிதான். சிக்னல் சிவப்புன்னா சிவப்பு. பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும் நான் பச்சைன்னு எடுக்க முடியாது."

"சிவப்பா இருந்தா கவலையே இல்லையே. இது மஞ்சள். மஞ்சளை மஞ்சள்னே சொல்லணும். ஆளாளுக்கு அதை சிவப்புங்கிறான், பச்சைங்கிறான்."

மறுநாள் காலை வழக்கறிஞர் கையில் தலையணை தடிமனுக்கு ஒரு பழைய அகராதியோடு வந்தார். மூஞ்சூறும் வந்தது. ஷ்ரூட் என்றால் ஆதியில் பொல்லாத, தீய, விஷமுள்ள என்றுதான் பொருள் என்று நிறுத்தி நிறுத்திப் படித்தார். அண்ணன் முன் வரிசையில் கால்மேல் கால் போட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஆகவே" என்று அகராதியை மூடினார் வழக்கறிஞர், "மொழிபெயர்ப்பாளரின் சொல்லையே வைத்துக்கொண்டாலும் நான் சொல்வதுதான் அதன் வேர்."

நீதிபதி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார்.

"மொழிபெயர்ப்பாளருக்கு அந்த வேர் தெரியும்" என்றாள் அவள். "ஆனால் ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதை வைத்து அது இன்று யாரென்று முடிவு கட்ட முடியாது. மனிதர்களுக்கே அப்படிச் செய்யக் கூடாது என்று இந்த மன்றத்தில்தான் சொல்கிறோம். இன்னொன்று. நேற்றுக் காலையில் வழக்கறிஞர் தன் கட்சிக்காரரை இதே சொல்லால்தான் பாராட்டினார். ஷ்ரூட் பிசினஸ்மேன் என்றார். அப்போது மூஞ்சூறு ஞாபகம் வரவில்லை. மாலையில் ஒரு பெண்ணுக்குச் சொன்னதும் அந்தச் சொல்லுக்கு விஷம் ஏறிவிட்டது."

பின் வரிசையில் யாரோ சிரித்து இருமலாக மாற்றினார்கள். வழக்கறிஞர் அசரவில்லை. "வியாபாரியின் ஷ்ரூட் வேறு. சாகக் கிடந்தவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவளின் ஷ்ரூட் வேறு."

"நியாயம்" என்றாள் அவள். "அப்படியென்றால் வித்தியாசம் சொல்லில் இல்லை, நடந்ததில் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியது நானும் இல்லை, அகராதியும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. சொன்னவர் இதோ உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேளுங்கள். அதுவரை என் வார்த்தையை நான் மாற்ற மாட்டேன்."

இம்முறை 'நான்' தெரிந்தே வந்தது.

நீதிபதி கைக்குட்டையை மடித்து வைத்தார். "அதுதான் நேர்வழி" என்று நாத்தனார் பக்கம் திரும்பினார். "நேற்று உங்கள் தம்பி மனைவியைப் பற்றி ஒரு சொல் சொன்னீர்கள். அதை எந்த அர்த்தத்தில் சொன்னீர்கள்?"

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னாள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நாத்தனார் அவளையும் நீதிபதியையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கா நேத்து பாதியில எழுந்து போனீங்க?" என்றார். அதையும் அவள் மொழிபெயர்த்தாள். நீதிபதி ஆமாம் என்று தலையசைத்தார்.

"சாமர்த்தியக்காரின்னா சாமர்த்தியக்காரிதான் சார். தந்திரக்காரின்னு சொல்லணும்னு தோணியிருந்தா தந்திரக்காரின்னே சொல்லியிருப்பேன். எனக்கு அந்த வார்த்தை தெரியாதா என்ன?"

அண்ணன் மேல் போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார்.

"கேளுங்க சார்" என்று நாத்தனார் தொடர்ந்தார். கைப்பை வாரை இப்போது விட்டிருந்தார். "தம்பி படுத்ததும் கடையை மூடிடலாம்னு சொன்னது எங்க அண்ணன். இவ மூடல. ஒரு பெரிய ஓட்டல்ல போய் வேலை கேட்டா. அந்த மேனேஜர், 'உங்களை மாதிரி சின்னக் கடைக்கெல்லாம் குடுக்கிறதில்ல'ன்னு சொல்லிட்டாராம். 'வேலை வேணாம், உங்ககிட்ட இருக்கிறதுலேயே மோசமான மேசை விரிப்பு ஒண்ணு குடுங்க'ன்னு வாங்கிட்டு வந்தா. எண்ணெயும் குழம்புமா அது கெடந்த கெடப்பு! அதை நட்டநடுவுல கோடு போட்ட மாதிரி பாதி மட்டும் வெளுத்தா. இந்தப் பக்கம் பால் மாதிரி, அந்தப் பக்கம் அப்படியே அழுக்கு. கொண்டு போய் அவர் மேசையில விரிச்சுட்டு, 'மீதி பாதி உங்க பழைய ஆள்கிட்டயே குடுங்க'ன்னுட்டு வந்துட்டா. அன்னிக்குச் சாயங்காலமே வண்டி வந்து நின்னுச்சு, மொத்தத் துணியோட. இது சாமர்த்தியம். இதுக்கு வேற என்ன பேரு?"

மொழிபெயர்ப்பாளர் அந்த மேசை விரிப்பை இங்கிலீஷில் விரித்துக் காட்டினாள். நீதிபதிக்குச் சிரிப்பு வந்தது, மூக்கைச் சிந்துவதுபோல மறைத்துக்கொண்டார்.

வழக்கறிஞர் குறுக்கிட்டார். "இது ஓட்டல் கதை. கட்டிலருகே நடந்ததுதான் கேள்வி. அதே சாமர்த்தியத்தைத் தன் கணவரிடமும் காட்டினாரா இல்லையா?"

"அங்கதான் காட்டல" என்றார் நாத்தனார். குரல் தணிந்தது. "எழுதி வைக்கிறேன்னு தம்பி சொன்னப்ப நான் கால்மாட்டுல உட்கார்ந்திருந்தேன். 'அதெல்லாம் வேணாம், நீங்க எழுந்து வந்து நீங்களே நடத்துங்க'ன்னு இவ அழுதா. சாமர்த்தியமா இருந்திருந்தா சரின்னு வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பா. தம்பிதான் விடல. 'நான் போயிட்டா அண்ணன் மெஷினையெல்லாம் பழைய இரும்புக்கு வித்துடுவான். இவ பேர்ல இருந்தாத்தான் கடை பொழைக்கும்'னான். நல்ல நினைவோட சொன்னான். மூச்சுதான் வாங்குச்சு. நினைவு தப்பல."

வழக்கறிஞர் தன் சாட்சியையே முறைத்தார். "நீங்கள் இப்போது உங்கள் அண்ணன் வீட்டில்தானே இருக்கிறீர்கள்? அவருடைய ஆதரவில்தானே?"

கேள்வியின் அடியில் இருந்த மிரட்டல் மொழிபெயர்ப்பாளருக்குக் கேட்டது. அந்த மிரட்டலையும் சிந்தாமல் தமிழுக்குக் கொண்டுவந்தாள். அதுவும் அவள் வேலைதான்.

நாத்தனார் நேராக அண்ணனைப் பார்த்துப் பதில் சொன்னார். "ஆமா. அவர் வீட்டுச் சோறுதான் சாப்பிடறேன். சமைக்கிறதும் நான்தான். அதுக்காக என் நாக்கை அவர்கிட்ட அடகு வைக்கல. தெரிஞ்சதைச் சொல்லுன்னு கூட்டிட்டு வந்தாரு. தெரிஞ்சதைச் சொல்லிட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் அந்தக் கடைசி வரிகளை அதே நிமிர்வோடு சொன்னாள். 'நான்', 'என்' என்று சொல்லும்போது யாருடைய நான் என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

மன்றம் கலைந்ததும் விதவை ஓடி வந்து நாத்தனாரின் கையைப் பிடித்தாள். "அண்ணி, நீங்க என்கூட வந்துடுங்க. கடைக்கு மேல ரூம் இருக்கு."

"வர்றதா இருந்தா நானே வருவேன். இப்ப அந்தக் கார்லதான் போகப்போறேன்" என்றார் நாத்தனார். "இறங்குன்னு அவர் வாயால சொல்லட்டும், பார்த்துக்கறேன்." அண்ணனின் காரில் பின் கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்து, கதவை அறைந்து சாத்தினார். அண்ணன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் வெளியிலேயே நின்றார். பிறகு ஏறிக்கொண்டார். கார் போனது.

தீர்ப்பு சில வாரம் கழித்து வந்தது. கடை அந்தப் பெண்ணுக்கே. தீர்ப்பு வந்த கையோடு மொழிபெயர்ப்பாளர் மேல் அந்த வழக்கறிஞரின் புகாரும் வந்தது. வரம்பு மீறிப் பேசினார், ஒரு தரப்புக்குச் சாதகமாக நடந்துகொண்டார், மூத்த வழக்கறிஞரை அவமதித்தார்.

மொழிப் பிரிவு அதிகாரி அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனிதர், சண்டை என்றால் ஆகாது. தட்டச்சு செய்த ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "ஒண்ணுமில்லம்மா. வருத்தம் தெரிவிக்கிறேன்னு நாலு வரி. கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

அவள் படித்துப் பார்த்தாள். "சார், அவர் காலையில அவங்க ஆளைப் பத்திச் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன் பாருங்க, அது என் வேலை இல்ல. அதுக்கு வருத்தம் வேணும்னா இப்பவே எழுதித் தர்றேன். ஆனா இதுல 'சொல்லைத் திருத்திக்கொள்ள மறுத்ததற்கும்'னு ஒரு வரி இருக்கு. அதுக்குப் போட மாட்டேன்."

"ரெண்டும் ஒரே தாள்லதான் இருக்கும்மா."

"அப்ப ரெண்டுக்கும் இல்ல."

"கொஞ்ச நாளைக்கு உங்களைக் கூப்பிட மாட்டாங்க. என் கையில எதுவும் இல்ல."

"கூப்பிடாட்டிப் போகட்டும் சார். இன்னிக்கு இதை மாத்தினா, நாளைக்கு நான் சொல்ற எந்த வார்த்தையை யாரு நம்புவாங்க?"

அவர் சொன்னபடியேதான் ஆயிற்று. பட்டியலில் அவள் பெயர் அடியில் போனது, பிறகு காணாமல் போனது. கணவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, வாரத்துக்கு இரண்டு மூன்று ஷிப்ட் கூடுதலாக வண்டி ஓட்டினார். அவள் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். டாக்டர் சொல்வதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதை டாக்டருக்கும் சொல்ல வேண்டும். 'சுருக்குனு குத்துது' என்பதற்கும் 'விண்ணு விண்ணுனு தெறிக்குது' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு டாக்டருக்கு விளக்கிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் போன் அடித்தது. மொழிப் பிரிவு அதிகாரி.

"ஒரு பெரிய வழக்கு வந்திருக்கும்மா. சாட்சி வாயைத் திறந்தா நம்ம ஆளுங்க யாருக்கும் பிடிபடல. நீதிபதியே உங்களைக் கேட்டார். வர்றீங்களா?"

"அந்தத் தாள்?"

"அதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் கேட்டாலும் இதே பதில்தான் சார்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "தெரியும்மா. திங்கட்கிழமை காலையில வந்துடுங்க."

"வர்றேன்" என்று போனை வைத்துவிட்டு, அவள் மறுபடியும் டாக்டர் பக்கம் திரும்பினாள். "இல்ல டாக்டர், ரெண்டும் ஒண்ணு இல்ல. அவங்களுக்குத் தெறிக்குது."